லெதர் பாலில் லெக் பிரேக் திரும்பவில்லை, கூக்ளி மட்டும் தானாக விழுகிறது: மணிக்கட்டா, விரலா?

கடைசி_ஓவர்:
வணக்கம். வலது கை லெக் ஸ்பின் போடுகிறேன். லெக் பிரேக் என்றால் ரைட் ஹேண்ட் பேட்ஸ்மேனுக்கு லெக் பக்கமிருந்து ஆஃப் பக்கம் வெளியே திரும்பணும், கூக்ளி என்றால் அதே கைவீச்சில் உள்ளே திரும்பணும். டென்னிஸ் பாலில் பழகிய கை, இப்போது லீக் மேட்சுக்காக லெதர் பால், மேட் (பாய் விரித்த) விக்கெட். டென்னிஸ் பாலில் நன்றாகத் திரும்பிய லெக் பிரேக் லெதரில் நேராகப் போகிறது. சில பந்துகள் ரைட் ஹேண்ட் பேட்ஸ்மேனுக்கு லேசாக உள்ளேகூட வருகின்றன. கூக்ளி என்று நினைத்துப் போட்டால் மட்டும் கச்சிதமாகத் திரும்புகிறது. ஓவருக்குக் குறைந்தது ஒரு பந்து பாதி பிட்ச்சில் குத்துகிறது, இல்லையென்றால் இடுப்புக்கு ஃபுல் டாஸ். காற்றில் சீம் (பந்தின் தையல்) ஆடிக்கொண்டே போகிறது.

ஆள்காட்டி விரலும் நடு விரலும் மேலே, மோதிர விரல் மடக்கி சீமில், கட்டை விரலால் அழுத்திப் பிடிக்கிறேன். விரலில் பலம் போதவில்லை, ஸ்மைலி பால் வாங்கிப் பிசை என்கிறார் ஒருவர். வேகத்தைக் குறை என்கிறார் இன்னொருவர். ரிலீஸ் ஆகும் நேரத்தில் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கணும்? வீடியோவுக்கு வீடியோ வேறு வேறு சொல்கிறார்கள்.

மூன்றாம்_விரல்:
ஸ்மைலி பால் வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள். கூக்ளி திரும்புகிறது என்றால் கையில் சுழற்சி இருக்கிறது என்று அர்த்தம். திசைதான் தப்பு. அதுவும் மேட் விக்கெட்டில் எல்லாமே திரும்பும். அங்கேயே லெக் பிரேக் நேராகப் போகிறதென்றால் அது பெயரளவில்தான் லெக் பிரேக், கையை விட்டு வருவது டாப் ஸ்பின், அதாவது முன்னோக்கிச் சுற்றும் பந்து.

முதலில் பிடி. டென்னிஸ் பால் 56 முதல் 59 கிராம், லெதர் பால் 156 முதல் 163 கிராம். குறுக்களவும் சுமார் அரை சென்டிமீட்டர் கூடுதல். டென்னிஸ் பாலில் மேலே இருக்கும் ரோமம் விரலைப் பிடித்துக்கொள்ளும், அதனால் பிசைந்தே திருப்பிவிடலாம். லெதரில் சீமை விட்டால் வேறு பிடிமானம் கிடையாது. நழுவிவிடுமோ என்ற பயத்தில் கை தானாகப் பந்தை உள்ளங்கைக்குள் இழுத்து இறுக்கும், கட்டை விரல் அழுத்தும். இறுகின கையில் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

சரியான பிடி இப்படி: ஆள்காட்டி, நடு விரல்களின் மேல் மூட்டுகள் சீமுக்குக் குறுக்கே, இரண்டுக்கும் நடுவில் சுமார் ஒரு விரல் இடைவெளி. மோதிர விரல் மடங்கி, நுனி மூட்டின் பக்கவாட்டுச் சதை சீமின் மேல் படுத்திருக்கணும். சுண்டு விரல் அதை ஒட்டி சும்மா இருக்கட்டும். கட்டை விரல் பந்தில் சாய்ந்திருந்தால் போதும், சிலர் எடுத்தே விடுகிறார்கள். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரியணும். பக்கத்தில் இருப்பவரை இரண்டு விரலால் பந்தை உருவச் சொல்லுங்கள். கொஞ்சம் தயங்கி வந்துவிட வேண்டும். இழுபறி ஆனால் பிடி அதிகம்.

இப்போது மணிக்கட்டு. கை மேலே வரும்போது மணிக்கட்டு முன்கையை நோக்கி உள்பக்கமாக மடங்கியிருக்கணும். அந்த மடிப்பு பிரிகிற வேகத்தில்தான் சுழற்சி பிறக்கிறது. மடிப்பு பிரியும்போது மோதிர விரல் நிமிர்ந்து பந்தின் வலப்பக்கத்தை மேலே தள்ளிவிடும்; பந்து சுண்டு விரல் பக்கமாக வெளியேறும். கதவுக் குமிழை வலது கையால் இடப்பக்கம் திருகுகிற அசைவு இது. உங்கள் பக்கமிருந்து பார்த்தால் பந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும்.

உள்ளங்கை எங்கே பார்க்கணும் என்று கேட்டீர்களே. ரிலீஸ் நேரத்தில் உள்ளங்கை ஏறக்குறைய பேட்ஸ்மேனைப் பார்த்தால் லெக் பிரேக். விட்டு முடிந்ததும் அது தரையைப் பார்த்து நிற்கும். சுண்டு விரல் விளிம்பு பேட்ஸ்மேனைப் பார்த்தால் டாப் ஸ்பின்னர். புறங்கை பேட்ஸ்மேனைப் பார்த்தால் கூக்ளி. விரல் வேலை மூன்றுக்கும் ஒன்றேதான். முன்கையும் மணிக்கட்டும் எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்பதுதான் வித்தியாசம். வீடியோக்கள் முரண்படக் காரணம், ஒருவர் ரிலீசுக்கு முன்னால் இருக்கும் கையைக் காட்டுகிறார், இன்னொருவர் விட்டு முடித்த கையைக் காட்டுகிறார்.

கையைப் பார்ப்பதைவிட சீமைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. ரைட் ஹேண்ட் பேட்ஸ்மேன் நிற்கிறார் என்றால்: சீம் முதல் அல்லது இரண்டாம் ஸ்லிப்பை (கீப்பருக்குப் பக்கத்தில், ஆஃப் பக்கம்) நோக்கிப் போனால் ஓவர் ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) கலந்த லெக் பிரேக், திரும்பவும் செய்யும், எழும்பவும் செய்யும். பாயிண்ட்டை (பேட்ஸ்மேனுக்கு நேர் குறுக்கே, ஆஃப் பக்கம்) நோக்கினால் முழு சைட் ஸ்பின் (பக்கவாட்டுச் சுழற்சி), திருப்பம் அதிகம், டிப் (காற்றில் சட்டென்று இறங்குவது) குறைவு. நேரே பேட்ஸ்மேனை நோக்கினால் டாப் ஸ்பின்னர். லெக் ஸ்லிப் (கீப்பருக்குப் பக்கத்தில், லெக் பக்கம்) பக்கம் சாய்ந்தால் கூக்ளி. உங்கள் சீம் பேட்ஸ்மேனுக்கும் லெக் ஸ்லிப்புக்கும் நடுவில் எங்கேயோ போகிறது என்று பந்தயம் கட்டுவேன்.

இது பழைய வியாதி. கூக்ளி போடப்போட மணிக்கட்டு அந்த இடத்திலேயே தங்கிவிடும், லெக் பிரேக் போக வழி மறந்துவிடும். மருந்து ஒன்றுதான்: லெக் பிரேக் திரும்பும்வரை கூக்ளியை நெட்டில்கூடப் போடாதீர்கள்.

மேட்டுத்தெரு:
மூன்றாம்_விரல் அண்ணன் சொன்ன பிடியெல்லாம் சரி. ஆனா மணிக்கட்டை மட்டும் குற்றம் சொல்றது பாதி வைத்தியம். மணிக்கட்டு ஏன் அங்க போகுதுன்னு பாக்கணும். பெரும்பாலும் தலைதான் காரணம்.

தம்பி, பின்னாலிருந்து ஒரு வீடியோ எடுங்க. ரிலீஸ்ல கை கடிகாரத்துல எத்தனை மணியைக் காட்டுது? லெக் பிரேக்குக்கு ஒரு மணி, ஒன்றரை மணி வரைக்கும் சரி. தலையும் இடது தோளும் இடப்பக்கம், அதாவது ஆஃப் சைடு பக்கம், சாஞ்சா கை பன்னிரண்டு மணிக்கு நிமிர்ந்திடும். அந்த நிலையில உள்ளங்கையை பேட்ஸ்மேனுக்குக் காட்டறது கஷ்டம், சுண்டு விரல் விளிம்புதான் முன்னால வரும். கூக்ளி போடறவங்க வேணும்னே இடது தோளை இறக்கறது இதுக்குத்தான். நீங்க தெரியாமலே இறக்கறீங்க. நல்ல பேட்ஸ்மேன் இந்தச் சாய்வை வச்சே கூக்ளியைக் கண்டுபிடிச்சிடுவான்.

தலை ஏன் சாயுது? இடது கை சீக்கிரம் கீழ விழுந்தா சாயும். அந்தக் கையை உயரத் தூக்கி, அதுக்குப் பின்னாலிருந்து பேட்ஸ்மேனைப் பாருங்க. அது இடுப்பை ஒட்டி இறங்கறப்பதான் வலது கை மேல வரணும்.

அடுத்தது முன் கால். பாதம் பேட்ஸ்மேனை நோக்கியோ கொஞ்சம் ஃபைன் லெக்கை, அதாவது லெக் சைடை, நோக்கியோ இறங்கணும். கவர் பக்கம், அதாவது ஆஃப் சைடு பக்கம், திறந்து இறங்குச்சுன்னா இடுப்பு முன்கூட்டியே திறந்திடும், நெஞ்சு பேட்ஸ்மேனைப் பாக்கும், அப்புறம் பந்தைத் தள்ளத்தான் முடியும். ரொம்பக் குறுக்கே வலப்பக்கம் போட்டா இடுப்பு பூட்டிக்கும், சுத்த முடியாது, பந்து லெக் சைடுல போகும். இறங்கின முன் பாதத்தோட விரல்களுக்குப் பின்னால இருக்கற மேட்டுப் பகுதில சுழலணும், குதிகால்ல இல்ல. முடிக்கறப்ப வலது தோள் பேட்ஸ்மேனைப் பாக்கணும், வலது கை உடம்பைத் தாண்டி இடது தொடைக்கு வெளிய வரணும். கை வலது தொடை ஓரமாவே இறங்கி நிக்குதுன்னா உடம்பு வேலை செய்யலைன்னு வச்சுக்கங்க.

பாதி பிட்ச்சும் ஃபுல் டாஸும் ஒரே கோளாறோட ரெண்டு முகம். பந்து கைல ஒட்டி லேட்டா வந்தா குத்தும். வழுக்கி முன்கூட்டியே போனா ஃபுல் டாஸ். கட்டை விரல் அழுத்தினா ரெண்டும் மாறி மாறி வரும். முன் முழங்கால் மடங்கிச் சரிஞ்சாலும் குத்தும், அதையும் பாத்துக்கங்க.

வேகத்தைக் குறைன்னு சொன்னவர் பேச்சைக் கேட்காதீங்க. மெதுவாப் போடச் சொன்னா கை வேகம்தான் முதல்ல குறையும், அதோட சுழற்சியும் போயிடும். ஓட்டத்தைக் குறைங்க, கையைக் குறைக்காதீங்க.

கடைசி_ஓவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. போனில் நொடிக்கு 240 ஃபிரேமில் எடுத்துப் பார்த்தேன். கை சரியாகப் பன்னிரண்டு மணியில் இருக்கிறது, தலை இடப்பக்கம் விழுகிறது. சீம் பேட்ஸ்மேனை நோக்கி, சில பந்துகளில் லெக் ஸ்லிப் பக்கம். ஒரு சுற்றுக்கு 15 ஃபிரேம் வருகிறது; இது நல்லதா, கெட்டதா? கட்டை விரலை எடுத்துப் போட்டால் சீம் ஆடுவது குறைகிறது, ஆனால் பந்து எங்கே போகும் என்றே தெரியவில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

நெட்_பவுலர்:
கணக்கு எளிது. 240 ஃபிரேமில் எடுத்தால் 14,400ஐ ஒரு சுற்றுக்கான ஃபிரேம் எண்ணிக்கையால் வகுங்கள், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். உங்களுக்கு 960. பத்து ஃபிரேமுக்கு இறக்கினால் 1,440, ஏழுக்கு இறக்கினால் 2,000ஐத் தாண்டும். 960 மோசமில்லை, ஆனால் இறுகின கையின் எண்தான் அது. நல்ல வெயிலில் எடுங்கள், நிழலில் சீம் கலங்கலாகத் தெரியும். பழைய பந்தில் சீமை ஒட்டி ஒரு பக்கம் முழுக்க வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டால் வீடியோவே தேவையில்லை: இரண்டு நிறமும் பிரிந்து தெரிந்தால் சீம் நிற்கிறது, கலந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் ஆடுகிறது.

எதிலிருந்து ஆரம்பிப்பது? இருபது மீட்டரிலிருந்து வேண்டாம். முழு ஓட்டத்தில் மணிக்கட்டைத் திருத்த யாராலும் முடியாது, உடம்பு பழைய வழியைத்தான் எடுக்கும்.

முதலில் நின்ற இடத்தில், வலது கையிலிருந்து இடது கைக்கு, கீழ்க்கையாகச் சுழற்றிப் போடுங்கள். டிவி பார்க்கும்போதுகூடச் செய்யலாம். சீம் ஆடாமல் வரும்வரை வேறு எதற்கும் போகாதீர்கள். கட்டை விரல் இல்லாமல் போடப் பழகவேண்டிய இடமும் இதுதான், பிட்ச் அல்ல. பிறகு எதிரே ஒருவரை ஐந்தாறு மீட்டரில் நிறுத்தி, முழங்கை தோள் உயரத்தில், கொஞ்சம் மடங்கியிருந்தாலும் பரவாயில்லை, மணிக்கட்டால் மட்டும் அனுப்புங்கள். பந்து ஒருமுறை குத்தி அவருடைய வலது கைப் பக்கம் திரும்பணும்.

அதற்கு அடுத்தது முட்டி போட்டு. வலது முழங்கால் தரையில், இடது கால் முன்னால், பத்துப் பன்னிரண்டு மீட்டர். கால் வேலை இல்லாததால் தலை சாய்ந்தால் உடனே தெரியும், நீங்களே இடப்பக்கம் விழுவீர்கள். உங்களுக்கு இதுதான் முக்கியமான பயிற்சி, இங்கே அதிக நாள் தங்குங்கள். அப்புறம் பக்கவாட்டில் நின்று 15 மீட்டர், அதற்கப்புறம் மூன்று தப்படி நடந்து முழு நீளம். ஒவ்வொரு கட்டத்திலும் பத்துப் பந்தில் குறைந்தது எட்டில் சீம் சரியாகப் போனால் அடுத்ததற்குப் போகலாம். போகாவிட்டால் ஒரு படி கீழே.

இன்னொன்று: பயிற்சியில் சீமை ஸ்லிப்புக்குக் குறி வைக்காதீர்கள், பாயிண்ட்டுக்கே வையுங்கள். மிகையாகத் தோன்றும். ஆனால் கூக்ளிப் பக்கம் ஒட்டிப்போன மணிக்கட்டு மேட்ச் வேகத்தில் எப்படியும் கொஞ்சம் திரும்பிவிடும். பாயிண்ட்டுக்கு வைத்தால்தான் ஸ்லிப்பில் வந்து நிற்கும்.

மூன்றாம்_விரல்:
கடைசிப் பத்தியை ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு: பாயிண்ட்டிலேயே தங்கிவிடக் கூடாது. மேட் விக்கெட்டில் சைட் ஸ்பின் பெரிதாகத் திரும்பும், நமக்கும் மயக்கம் வரும். நல்ல டர்ஃப் (மண், புல் தரை) விக்கெட்டில் அதே பந்து மெதுவாகத் திரும்பி, தாழ்வாக வந்து, கட் ஆட வாகாக உட்கார்ந்துகொடுக்கும். வருண் சக்கரவர்த்தி 2021 டி20 உலகக் கோப்பைக்குப் பிறகு தன் வீடியோக்களைப் பார்த்து, சைட் ஸ்பின்னை விட்டு ஓவர் ஸ்பின்னுக்கு மாறியதாக அவரே சொல்லியிருக்கிறார். கும்ப்ளே பெரிதாகத் திருப்பியவர் இல்லை; எழும்பலும் வேகமும்தான் அவருக்கு 619 டெஸ்ட் விக்கெட் வாங்கித் தந்தன.

சைட் ஸ்பின்னும் ஓவர் ஸ்பின்னும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, 1993 ஜூன் 4, ஓல்ட் டிராஃபோர்டில் ஆஸ்திரேலியாவின் வார்ன் இங்கிலாந்தின் கேட்டிங்குக்குப் போட்ட பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் திரும்பியதைப் பார்ப்பார்கள். குத்துவதற்கு முன்னால் காற்றில் லெக் பக்கம் நகர்ந்ததைப் பாருங்கள். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தி ஆஃப் ஸ்டம்பைத் தொட்டது. அந்த நகர்வு சுழற்சியால் வருவது. உங்கள் பந்து காற்றில் லேசாக லெக் பக்கம் நழுவ ஆரம்பித்தால் திசையும் சுற்றும் சரியாகிவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம், மேட் எவ்வளவு திருப்பினாலும் திருப்பாவிட்டாலும்.

சைட்_ஸ்க்ரீன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டென்னிஸ் பாலில் சொடக்கு போடுவது எனக்கு நன்றாக வரும். லெதரில் அதையே ஃபிளிப்பர் என்று போடலாமா? லெக் பிரேக் சரியாகும்வரை அதை வைத்து ஓட்டலாம் என்று நினைக்கிறேன்.

நெட்_பவுலர்:
இரண்டும் வேறு வேறு. சென்னைத் தெருக்களில் போடும் சொடக்கு, மடக்கிய நடு விரலும் கட்டை விரலும் சேர்ந்து பந்தைத் தெறிக்கவிடுவது. அஸ்வின் போட்ட கேரம் பால் அந்த இனம். 2008 ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் 13 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இந்தியாவைச் சாய்த்ததும் அதை வைத்துத்தான். ஃபிளிப்பரில் பந்து கைக்கு அடியிலிருந்து வரும், கட்டை விரலுக்கும் முதல் இரண்டு விரல்களுக்கும் நடுவே பிதுங்கி வெளியேறும், பின்னோக்கிச் சுற்றும், குத்தித் தாழ்வாகச் சறுக்கும். கட்டை விரலே முழு வேலையும் செய்யும். 160 கிராம் பந்தில் தோளுக்கும் விரலுக்கும் சுமை அதிகம். கட்டை விரலை மறக்கப் பழகிக்கொண்டிருக்கும் ஆள் இப்போது தொடவே கூடாத பந்து அது.

சொடக்கை மட்டும் வேண்டுமானால் போட்டுப் பாருங்கள், ஆனால் அது வேறு பவுலிங். அதையும் லெக் பிரேக்கையும் ஒரே நெட்டில் கலக்காதீர்கள்.

மேட்டுத்தெரு:
கடைசி_ஓவர் தம்பிக்கு ஒரு சின்ன விஷயம். சரியா விட ஆரம்பிச்சதும் மோதிர விரல் நுனி மூட்டுத் தோல் சிவந்து கிழியும். அது நல்ல அறிகுறிதான், ஆனா காயத்தோட போட்டா விரல் தானா பந்தை விட்டு விலகும், பழைய பழக்கம் திரும்பிடும். நகத்தை ஒட்ட வெட்டுங்க. தோல் காய்ப்பு ஏறும்வரைக்கும் நாள் விட்டு நாள் போடுங்க. நெட்ல டேப் ஒட்டிக்கலாம், மேட்ச்ல நடுவர் கழட்டச் சொல்லுவார், அதனால டேப்புக்குப் பழகிடாதீங்க.

முழு நீளத்துக்கு வந்ததும் பேட்டிங் க்ரீஸிலிருந்து சுமார் மூணு மீட்டர் முன்னால, மிடில், லெக் ஸ்டம்புகளுக்கு நேரா ஒரு துணி போட்டு அதைக் குறி வைங்க. முட்டி போட்டுப் போட்ட வீடியோ இருந்தா இங்க போடுங்க, பின்பக்கத்திலிருந்து எடுத்தது.